மனநோயிலிருந்து மீள்பவரை ஊருக்குள் நிலைநிறுத்துவது எப்படி: மதுரை வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய் வேலை செய்ததில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். புதிதாக வரும் தன்னார்வலர்களும் சரி, குடும்பத்தாரும் சரி, உழைப்பில் குறை வைப்பதில்லை. வரிசையில்தான் தவறுகிறார்கள். முதல் நாளே உதவித்தொகை விண்ணப்பத்தோடு போய் நிற்கிறார்கள். மாத்திரை ஒழுங்காகும் முன்பே வேலை தேடித் தருகிறார்கள். விண்ணப்பம் திரும்பி வரும், வேலை பத்து நாளில் நின்றுபோகும். அதன் பிறகு அந்த வீட்டார் உங்களை நம்புவது கடினம்.

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடுமையான மனச்சோர்வு என்று நீண்ட நாள் நோயோடு வாழ்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மருந்தைத் தேர்ந்தெடுப்பது மருத்துவர் வேலை. மற்றதெல்லாம் நம் வேலை.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ஒருவருக்கு ஒரு நோட்டு. நான்கு பேர் கதையை ஒரே நோட்டில் எழுதினால், ஒருவர் வீட்டில் அதைத் திறக்கும்போது மற்ற மூன்று பேர் ரகசியமும் வெளியே வரும்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்பதை நேரில் போய்க் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கேள்விப்பட்டதை வைத்துப் போகாதீர்கள். அறுவடை நேரத்தில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த குடும்பம், மருத்துவர் இல்லாத நாளில் திரும்பிப் போனால் மறுபடி கிளம்பாது.

கிராம சுகாதார செவிலியரின் எண், 108, அப்புறம் 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய 14416 மனநல உதவி எண். இவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டக் கொடுங்கள். போனில் பதிந்து கொடுத்தால் போதாது. வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அந்தப் போனைத் திறக்கத் தெரியாது.

போட்டோ எடுக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரத்தைக் காக்கும் உரிமையை அவருக்குத் தந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை முகம் வந்துவிட்டால் அந்த மனிதர் டீக்கடைக்கு வரவே மாட்டார்.

2. முதல் சந்திப்பு: நோயைப் பற்றிப் பேசாதீர்கள்

செவிலியரோடோ, அந்தத் தெருவில் தெரிந்த ஒருவரோடோ போங்கள். போனதும் அம்மாவிடம் பேச்சைத் தொடங்காமல் நோயோடு இருப்பவரிடம் தொடங்குங்கள். "அண்ணே, சாப்பிட்டீங்களா", "அக்கா, பூ எங்கே கொடுக்குறீங்க" என்று ஊரில் மற்றவர்களிடம் எப்படிப் பேசுவோமோ அப்படி. வீட்டில் எல்லோரும் அவரைப் பற்றி அவருக்கு முன்னாலேயே படர்க்கையில் பேசிப் பழகியிருப்பார்கள். ஒரு ஆள் முன்னிலையில் பேசுவதே அவருக்குப் பெரிய மாற்றம்.

குறிசொல்லும் கோடாங்கியிடம் போயிருப்பார்கள், பாண்டி கோயிலில் வேண்டியிருப்பார்கள், ஏர்வாடி தர்காவில் மாதக்கணக்கில் தங்கியிருப்பார்கள். அதைக் குறை சொல்லாதீர்கள். வேறு யாரும் துணைக்கு வராத நாளில் அவர்கள் போன இடங்கள் அவை. "சாமியையும் கும்பிடுங்க, மாத்திரையையும் போடுங்க" என்று சொன்னால் பெரும்பாலான வீடுகளில் ஒத்துக்கொள்வார்கள். ஒன்றை விட்டுத்தான் இன்னொன்று என்றால் மாத்திரைதான் போகும்.

சங்கிலி போட்டிருந்தால்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். முன்பு சொன்ன 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு யாரையும் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. ஆனால் அந்தப் பிரிவை முதல் வாக்கியமாகச் சொன்னால் கதவு மூடிக்கொள்ளும். எப்போது, எதற்குப் பயந்து கட்டினார்கள் என்று கேளுங்கள். கிணற்றில் விழுந்துவிடுவான், ரோட்டில் ஓடிவிடுவான் என்பார்கள். அன்றே மருத்துவரிடம் பேசி, அன்றோ மறுநாளோ சிகிச்சைக்கு வழிசெய்துவிட்டு, "இனி கட்ட வேண்டாம், கட்டவும் கூடாது" என்று சொல்லுங்கள். பயத்துக்கு மருந்து கையில் இருந்தால்தான் பூட்டு திறக்கும்.

3. வரிசையை மீறி உடனே ஓட வேண்டிய நேரங்கள்

இரண்டு மூன்று நாளாகச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. சாகப்போவதாகச் சொல்கிறார். மற்றவர்களைத் தாக்கும் நிலையில் இருக்கிறார். குழந்தை பெற்ற சில வாரங்களுக்குள் ஒரு பெண் தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். மனநோய் மாத்திரை சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல் விறைக்கிறது. இவை எதற்கும் வெளிநோயாளி நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. 108தான்.

எல்லோரும் ஏமாறும் ஒன்று: பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத ஆட்களோடு பேசத் தொடங்குவார். மாலை போட்டுக் குடியை விட்டவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். பேய் என்று விபூதி பூசிப் படுக்கவைப்பார்கள். இது உயிரைப் பறிக்கும் மருத்துவ அவசரம். முதியவருக்குக் காய்ச்சலோடு திடீரென்று புத்தி தடுமாறினாலும் அப்படித்தான்.

சாகும் பேச்சு இருக்கும் வீட்டில் பூச்சிமருந்து இருக்கக் கூடாது. தோட்டத்து மோட்டார் ரூமிலோ பக்கத்து உறவினர் வீட்டிலோ பூட்டி வைக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணம் பல நேரம் சில மணி நேரமே உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது என்பதே இப்போதைய சட்டத்தின் நிலை. போலீஸ் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம்.

4. முதல் ஆஸ்பத்திரிப் பயணம்

"கல்யாணத்துக்குப் போறோம்" என்று ஏமாற்றிக் கூட்டிப்போகாதீர்கள். முதல் தடவை வண்டியில் ஏறிவிடுவார். இரண்டாவது தடவை உண்மையாகவே கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார். அவருக்கே தொந்தரவாக இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். குரல் கேட்பது நோய் என்று அவர் ஏற்காமல் இருக்கலாம். தூக்கமில்லை என்பதை ஏற்பார். "தூக்கத்துக்குக் கேட்டுட்டு வருவோம்ணே" என்பது பொய்யும் இல்லை.

முந்தின நாள் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, தூக்கம், சாப்பாடு, எப்போது வேலையை விட்டார், முன்பு சாப்பிட்ட மாத்திரை, ஏன் நிறுத்தினார், குடிப்பழக்கம், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா. பெரியாஸ்பத்திரியில் கூட்டம் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குக் கிடைக்கும் சில நிமிடத்தை அம்மா அழுதே செலவழித்துவிடுவார். அந்தத் தாள் பேசும்.

பழைய ஓ.பி. சீட்டு, மாத்திரை அட்டை, ஊசி போட்ட சீட்டு, கிழிந்திருந்தாலும் எல்லாவற்றையும் ஃபைலில் வையுங்கள். இப்போது மருத்துவருக்கு உதவும். ஆறாவது படியில் சதவீதத்தையே தீர்மானிக்கும்.

மருத்துவரிடம் அவரைத் தனியாகக் கொஞ்ச நேரம் பேசவிடுங்கள். வெளியே வரும் முன் கேட்க வேண்டியவை: எத்தனை வாரத்தில் தெரியும், என்ன பக்கவிளைவு வரும், ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வர வேண்டும், இதே மாத்திரை ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடைக்குமா. கடைசிக் கேள்வியை மறக்கவே மறக்காதீர்கள். மதுரையில் மட்டும் கிடைக்கும் மாத்திரைக்காக மாதாமாதம் பஸ் ஏறுவது நான்காவது மாதம் நின்றுபோகும்.

நியமனப் பிரதிநிதியை இந்தக் கட்டத்திலேயே எழுதி வையுங்கள். தனக்காகப் பேச யார் வேண்டும் என்பதை அவரே வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திடலாம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. பலர் அம்மாவை எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். அக்காவையும், கூடப் படித்த நண்பனையும் எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

5. மாத்திரை: முதல் மூன்று மாதம் இங்கேயே நில்லுங்கள்

அவசரப்படுபவர்கள் தாண்டிப்போகும் படி இது. மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

மனநோய் மருந்துகள் பல வாரம் கழித்தே முழுப்பலன் தரும். பக்கவிளைவோ முதல் வாரமே வரும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "போட்டதும் மோசமாயிட்டான்" என்று நிறுத்திவிடுவார்கள். சொல்லிவைத்தால், வரும்போது "அவங்க சொன்னாங்கள்ல" என்று காத்திருப்பார்கள்.

எச்சில் வடிவது, கை விறைப்பது, ஓரிடத்தில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பது. மூன்றுக்கும் மருத்துவரிடம் வழி உண்டு. கடைசியில் சொன்னதை நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். மருந்தாலும் அப்படி வரும். நோட்டில் எழுதி எடுத்துப்போங்கள்.

பெண்களிடம் ஒன்றைச் செவிலியர் மூலம் கட்டாயம் கேளுங்கள். சில மருந்துகளால் மாதவிலக்கு நின்று, மார்பில் பால் சுரக்கலாம். கல்யாணமாகாத பெண்ணுக்கு இப்படி நடந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு தங்கை இதற்காகவே அடிவாங்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். மருந்தை மாற்றினால் தீர்ந்துவிடும் விஷயம். கல்யாணம், குழந்தை பற்றிய யோசனை இருந்தால் அதையும் முன்னமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவில் இருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யும்.

இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் நம் ஊர் வெயிலில் தண்ணீர் குறைத்தாலோ, திடீரென்று உப்பைக் குறைத்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, ரத்தத்தில் மருந்து அளவு ஏறி நஞ்சாகும். செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் வேலை செய்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள். மனச்சிதைவுக்குத் தரும் குளோசபைன் மாத்திரை என்றால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. எடை ஏறும் மருந்துகளுக்கு, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.

சாப்பாட்டில் கலந்து கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. தெரியவரும் நாளில் அவர் சோற்றையே நிறுத்துவார். விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகம் இருப்பவருக்கு அது சாட்சியாகிவிடும். மாத்திரை வேண்டாம் என்பவருக்கு மாதம் ஒருமுறையோ இருமுறையோ போடும் ஊசி உண்டா என்று மருத்துவரிடம் அவரையே கேட்க வையுங்கள்.

6. காகிதங்கள், அதுவும் வரிசையாக

முதலில் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பிறகு எல்லா மேசையிலும் நிற்கும். இதைச் சரிசெய்த பின்தான் அடுத்தது.

இரண்டாவது, மாற்றுத்திறனாளி சான்றும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடி அட்டையும். விண்ணப்பத்தில் "மனநோய்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இ-சேவை மையத்தில் இருப்பவர் "அறிவுசார் குறைபாடு" என்று போட்டுவிடுவார். இரண்டும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தனித்தனி வகைகள். பரிசோதிக்கும் முறையும் வேறு, திட்டங்களும் வேறு. அறிவுசார் குறைபாடு போன்றவற்றுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பாதுகாவலர் சான்று, நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு இரண்டும் மனநோய்க்குப் பொருந்தாது. அதற்காக அலைந்து மூன்று மாதம் இழந்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

சதவீதம் எப்படி வருகிறது என்பது தெரிந்தால் தயாராக முடியும். தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை. இந்த நான்குக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் எத்தனை ஆண்டு என்பதற்கு இன்னொரு மதிப்பெண்: 2 ஆண்டுக்குள் 1, 10 ஆண்டுக்கு மேல் 4. கூட்டி 7 வந்தால் 40 சதவீதம். அதற்குக் கீழே போனால் பெரும்பாலான திட்டங்கள் கிடையாது. பழைய சீட்டுகளை ஏன் சேர்க்கச் சொன்னேன் என்பது இப்போது புரியும். எத்தனை ஆண்டு என்பதற்கு அவைதான் ஆதாரம்.

குடும்பத்தார் இங்கே செய்யும் தவறு வெட்கத்தால் வருவது. அன்று குளிப்பாட்டி, சலவைச் சட்டை போட்டுக் கூட்டிவந்து, "இப்ப நல்லாத்தான் இருக்கான் சார்" என்பார்கள். யார் குளிக்கச் சொன்னது, எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது, கடைக்குப் போனால் மீதிக் காசு வாங்கி வருகிறாரா, மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போனார் என்பதை இரண்டு வாரம் நோட்டில் எழுதி எடுத்துப்போங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, ஓய்வூதியம். வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் பிரிவுதான் இடம். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். பணம் வரத் தொடங்கியதும் அதில் ஒரு பகுதியாவது அவர் கையில் போக வேண்டும் என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணம் இல்லை. அட்டை வந்த மறுநாளே இதைப் பயன்படுத்தலாம்.

7. வீட்டுக்குள் ஒரு வேலை

ஆடு கட்டுவது, குடத்தில் தண்ணீர் பிடிப்பது, தங்கச்சி பிள்ளையைப் பள்ளிக்கு விடுவது. ஒன்று மட்டும், தினமும் ஒரே நேரத்தில். தன்னால்தான் அது நடக்கிறது என்று இருக்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் அம்மா செய்துவிடுவார் என்றால் அது வேலையாகாது.

எந்நேரமும் திட்டும் வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது. எந்நேரமும் பின்னாலேயே சுற்றும் வீட்டிலும் அப்படித்தான். அம்மாவிடம் இதைச் சொல்லும்போது அவரைக் குற்றவாளியாக்காதீர்கள். பதினைந்து வருடம் தூங்காத மனுஷி அவர். வாரத்தில் ஒரு சாயங்காலம் அவர் குழுக் கூட்டத்துக்கோ கோயிலுக்கோ போய்வரட்டும். அந்த இரண்டு மணி நேரம் யார் வீட்டில் இருப்பது என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

8. வெளி வேலை

மல்லிகைப்பூப் பறிப்பது நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் வேலை. ஆனால் விடியும் முன்னே தோட்டத்தில் இருக்க வேண்டும். இரவு மாத்திரை அந்த நேரத்தில் இழுத்துப் பிடிக்கும். முதல் மூன்று நாளிலேயே "சோம்பேறி" என்ற பெயர் வந்துவிடும். வேலையை மாற்றலாம், அல்லது மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். நீங்களாக மாற்றாதீர்கள். பறிப்பது முடியாதவருக்குக் காலை பத்து மணிக்கு மேல் பூக்கட்டுவது பொருந்தியிருக்கிறது. உட்கார்ந்த இடம், தெரிந்த முகங்கள், முழம் கணக்கில் கூலி.

முன்பு என்ன வேலை செய்தார் என்று கேட்டுத் தொடங்குங்கள். டெய்லராக இருந்தவருக்கு ஆட்டுக்குட்டி வாங்கித் தருவதில் அர்த்தமில்லை. வாரம் இரண்டு அரை நாளில் தொடங்கி, ஒரு மாதம் நின்றால் கூட்டுங்கள். முதலாளியிடம் நோயைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. கூலியைக் குறைத்துக் கொடுப்பதற்கு நோய் காரணமாகக் கூடாது என்பதில் மட்டும் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஊரில் முடியாதவர்களுக்கு மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்றவை மறுவாழ்வுப் பயிற்சி தருகின்றன. அங்கே போனாலும் திரும்பி வந்து எந்தத் தெருவில் வாழப்போகிறாரோ அந்தத் தெருவைத் தயார்செய்யும் வேலை மிச்சமிருக்கும். டீக்கடையில் அவருக்கும் எல்லோருக்கும் வைக்கும் அதே கிளாஸில் டீ வர வேண்டும். திருவிழா வரிப்பட்டியலில் அவர் பெயரும் இருக்க வேண்டும். வரி கேட்கப்படாதவர் ஊர்க்காரர் இல்லை என்பது நமக்கே தெரியும்.

9. ஊரின் பிரச்சினையை அரசின் மேசைக்குக் கொண்டுபோவது

மாத்திரை இருப்பு இல்லை என்று ஓர் ஆஸ்பத்திரியில் எங்களைத் தொடர்ந்து திருப்பி அனுப்பினார்கள். தனித்தனியாகச் சண்டை போட்டோம், பலனில்லை. அப்புறம் ஒவ்வொருவர் நோட்டிலிருந்தும் எந்தத் தேதியில் எந்த மாத்திரை இல்லை என்பதை ஒரே தாளில் எழுதி, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் கொடுத்தோம். அந்தத் தாளுக்குப் பதில் வந்தது. தேதி இருந்ததுதான் காரணம்.

முதலில் மருத்துவ அலுவலர், பிறகு குறைதீர் நாள், பிறகு தகவல் உரிமைச் சட்ட மனு, கடைசியாக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. இந்த வரிசையில் போங்கள். எடுத்ததும் மேலே போனால் தினமும் முகம் பார்க்க வேண்டிய மருந்தாளுநரைப் பகைத்துக்கொள்வோம். ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அரசுச் செலவிலான மனநலச் சேவையை உரிமையாக்குகிறது. அத்தியாவசிய மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. "எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதம் ஒருமுறை மனநல மருத்துவர் வர வேண்டும்" என்று ஒரே ஒரு கோரிக்கையைத் தீர்மானமாகக் கேளுங்கள். எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர் என்ற எண்ணிக்கை மட்டும் போதும். பெயர்களைப் படிக்க வேண்டாம்.

சாலையில் ஆதரவின்றி அலைபவரைப் பார்த்தால் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி அவரை 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போவது அவர்கள் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது.

10. திரும்ப வந்தால்

வரும். வந்தால் உங்கள் உழைப்பு வீணாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். நன்றாக இருக்கும் நாளில் அவரோடு உட்கார்ந்து கேளுங்கள்: போன முறை முதலில் என்ன மாறியது? ஒருவர் ரேடியோவை நிறுத்திவிடுவார். ஒருவர் நடு இரவில் துணி துவைப்பார். ஒரு அக்கா பொட்டு வைப்பதை நிறுத்துவார். இரண்டு நாள் அப்படி இருந்தால் யாருக்குப் போன் போடுவது, எந்த மருந்து அவருக்கு ஒத்துவரவில்லை, யார் கூட்டிப்போனால் வருவார் என்பதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள். முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று இதை முறைப்படி எழுதிப் பதிவுசெய்யவும் சட்டத்தில் இடமுண்டு.

முதல் மாதம் வாரம் ஒருமுறை போனீர்கள் என்றால், ஆறாம் மாதத்தில் மாதம் ஒருமுறை போதும். போவதைக் குறைக்கும் முன் நோட்டை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஊசித் தேதியை அவர் கையாலேயே எழுதட்டும்.